முறைசாரா உழைப்பு: எழுபது ஆண்டுக் கேள்வி

தொழில் வளர வளர, கூலிக்காகச் சந்திப்பில் நிற்பவரும் தள்ளுவண்டிக்காரரும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுபவரும் ஒவ்வொருவராக ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்று 1950களில் பொருளியல் அறிஞர்கள் பெரும்பாலும் நம்பினார்கள். அப்படி நடக்கவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் வேலை செய்வோரில் 61.2 சதவீதம், அதாவது 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில் இருந்தார்கள். ஆப்பிரிக்காவில் அந்த விகிதம் 85.8, ஆசிய-பசிபிக் நாடுகளில் 68.2, ஐரோப்பாவும் மத்திய ஆசியாவும் சேர்ந்த பகுதியில்கூட 25.1. அதே அமைப்பு 2023இல் தந்த மதிப்பீடு சுமார் 58 சதவீதம். இறங்கியிருக்கிறது, இந்த வேகத்தில் இறங்கினால் மறையப் பல தலைமுறை ஆகும்.

எழுத்து ஒப்பந்தம், சம்பளத்துடன் விடுப்பு, வைப்புநிதி, மருத்துவக் காப்பீடு போன்ற பாதுகாப்புகள் சட்டப்படியோ நடைமுறையிலோ கிட்டாத வேலையையே இங்கே முறைசாரா வேலை என்கிறோம். அது ஏன் நீடிக்கிறது? அது வளர்ச்சியின் குறையா, அல்லது வளர்ச்சியே அதன் மேல்தான் நிற்கிறதா? இந்தக் கேள்விக்கு வந்த ஒவ்வொரு பதிலும் ஏதோ ஒரு நாட்டில் அரசுக் கொள்கையாகவும் மாறியிருக்கிறது. பதில் பிழைத்த இடங்களில் அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்த உழைப்பாளிகள்தாம்.

## லூயிஸின் எதிர்பார்ப்பு

செயின்ட் லூசியா தீவில் பிறந்த ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவதே முறை. ஏழை நாட்டின் பொருளாதாரத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, லாபத்தை மறுபடி முதலாகப் போடும் நவீனப் பகுதி. மற்றது, பிழைப்புக்கு மட்டும் போதுமான வருமானம் தரும் பகுதி. இரண்டாவதில் அவர் உழவர்களோடு நிற்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கக் காத்திருப்பவர், சில்லறை வியாபாரி, வீட்டுவேலைக்காரர், அவ்வப்போது தோட்டவேலை பார்ப்பவர் எல்லோரையும் சேர்த்தார். நவீனப் பகுதி சற்றே கூடுதல் கூலி கொடுத்தால் ஆட்கள் தடையின்றி வருவார்கள். லாபம் பெருகி மேலும் முதலீடாகும். ஒரு கட்டத்தில் உபரி ஆட்கள் தீர்ந்துபோவார்கள்; அப்போது கூலி உயரும்.

தென்கொரியாவிலும் தைவானிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது என்பதால் லூயிஸைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்தியாவில் மொத்த வேலைவாய்ப்பில் உற்பத்தித் துறையின் பங்கு நெடுங்காலமாக 11, 12 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. லாபம் மறுமுதலீடானது, அந்த முதலீடு ஆட்களைவிட இயந்திரங்களையே அதிகம் வாங்கியது. இன்றைய ஏழை நாடுகள், மேற்கு நாடுகள் தொட்டதைவிட மிகக் குறைந்த வருமான நிலையிலேயே ஆலைத்தொழிலின் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடுகின்றன என்று டானி ராட்ரிக் 2016இல் காட்டியது இந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தியது.

ஜான் ஹாரிஸும் மைக்கேல் டொடாரோவும் 1970இல் வேறொரு திருத்தம் சொன்னார்கள். நகரத்தில் நல்ல வேலை கிடைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தாலும், கிடைத்தால் வரும் சம்பளம் பெரிது என்பதால் கிராமத்தவர் வந்து காத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் விளக்கம். இதன் பலவீனம் வெளிப்படை. சேமிப்பில்லாத ஒருவரால் வேலையின்றிக் காத்திருக்க முடியாது. எதையாவது செய்துதான் அன்றைய சோறு. அந்த ‘எதையாவது’ முப்பது நாற்பது ஆண்டு நீண்டு முழு வாழ்க்கையாகிவிடுவதை ‘காத்திருப்பு’ என்ற கருத்து விளக்காது.

## அக்ராவும் நைரோபியும்

கீத் ஹார்ட் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் 1960களின் பிற்பகுதியில் கானாவின் தலைநகர் அக்ராவில், நிமா என்னும் ஏழைக் குடியிருப்பில் களஆய்வு செய்தார். அரசின் கணக்கில் வேலையற்றவர்களாகவோ குறைவேலைக்காரர்களாகவோ இருந்த மக்கள் அங்கே ஓய்வின்றி இயங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பள வேலைக்குப் போனவர்களும் அந்தச் சம்பளம் போதாமல் பக்கத்தில் இன்னொன்றைச் செய்தார்கள்: சிறு வியாபாரம், வட்டிக்குக் கொடுத்தல், சட்டத்துக்குப் புறம்பான சில காரியங்கள். 1971இல் சசெக்ஸ் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அவர் இதைப் படித்தார். கட்டுரை 1973இல் அச்சேறியது. அதற்குள், ஹான்ஸ் சிங்கரும் ரிச்சர்ட் ஜாலியும் தலைமை தாங்கிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கென்யக் குழு, 1972 அறிக்கையில் அந்தக் கருத்தை எடுத்தாண்டு உலகெங்கும் பரப்பிவிட்டது. தொழில் தொடங்க எளிது, குடும்பமே உரிமையாளர், பள்ளிக்கு வெளியே கற்ற திறமை, இயந்திரத்தைவிட ஆள் அதிகம் என்று அது பட்டியலிட்டது. இவர்களை விரட்டுவதை நிறுத்திவிட்டு ஆதரிக்க வேண்டும் என்றும் அரசுக்குச் சொன்னது. அன்றைய சூழலில் அது துணிச்சலான பரிந்துரை.

இந்தப் பயணத்தில் ஒன்று தொலைந்துபோனது. ஹார்ட் கண்டது வருமானங்களை. ஒரே ஆளின் ஒரே நாளில் சம்பளமும் வியாபாரமும் கலந்திருப்பதை. அறிக்கை அதைத் தனித்தனி நிறுவனங்களின் தொகுதியாக, ஒரு ‘துறை’யாக மாற்றிவிட்டது. டச்சு ஆய்வாளர் யான் பிரெமன் 1976இலேயே இதை மறுத்தார்: இரண்டு துறைகளுக்கு நடுவே சுவர் என்று எதுவும் கிடையாது, பாதுகாப்பு படிப்படியாகத் தேய்ந்துகொண்டே போகும் ஒரே உழைப்புச் சந்தைதான் இருக்கிறது என்றார்.

புள்ளியியல் இந்த இடத்தை வந்தடையக் காலம் பிடித்தது. 1993இல் ஏற்கப்பட்ட சர்வதேச வரையறை நிறுவனத்தின் தன்மையை வைத்தது. 2003இல்தான் வேலையின் தன்மையையும் சேர்த்தார்கள். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு இந்தியத் தொழிற்சாலைகளே சாட்சி. பதிவுபெற்ற ஆலைகளில் வேலை செய்யும் தொழிலாளர்களில் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் ஐந்தில் ஒருவர். அண்மை ஆண்டுகளின் ஆலைக் கணக்கெடுப்புகளில் ஐந்தில் இருவர். அவர்கள் நிற்பது சட்டத்தின் கூரைக்குள். பலருக்கு அந்தக் கூரையின் பலன் மட்டும் இல்லை.

## சட்டமே தடை என்ற வாதம்

1986இல் பெரு நாட்டின் எர்னாண்டோ தெ சோட்டோ கேள்வியைத் தலைகீழாக்கினார். லிமாவின் புறநகரில் அவருடைய குழு ஒரு சிறு தையல் பட்டறையை லஞ்சமில்லாமல், எல்லா விதிகளையும் பின்பற்றிப் பதிவு செய்ய முயன்றது. 289 நாள் ஆனது. ஏழைகள் சட்டத்தைத் தவிர்க்கவில்லை, சட்டம்தான் அவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறது என்பது அவர் முடிவு. பதிவை எளிதாக்கு, சொத்துரிமைப் பத்திரம் கொடு. அவர்களுக்குள் இருக்கும் தொழில்முனைவோர் எழுந்து வருவார்கள் என்றார். தொண்ணூறுகளில் உலக வங்கி முதல் பல அரசுகள் வரை இந்த வாதம் சென்று சேர்ந்தது.

தெருவோர வியாபாரிகள் விஷயத்தில் இதில் பெரும் உண்மை உண்டு. மாநகராட்சி வண்டி வந்து தராசையும் கூடையையும் தூக்கிப்போகும் அச்சத்துக்கு நடுவே நடக்கும் வியாபாரத்தில், அனுமதிச் சீட்டு என்பது மூலதனத்துக்குச் சமம். நடைபாதையில் வியாபாரம் செய்வதும் தொழில் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1989இல் சோதன் சிங் வழக்கில் ஏற்றது. அது தனிச் சட்டமாக மாற 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு, அதில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நகரங்கள் அதை எந்த அளவு மனமுவந்து நடத்துகின்றன என்பது வேறு கேள்வி.

மற்ற இடங்களில் தெ சோட்டோவின் கணிப்பு சோதனைக்குத் தாங்கவில்லை. இலங்கையில் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் ஆகியோர் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பதிவு செய்வது எப்படி என்று சிறு தொழில் நடத்துவோருக்கு விளக்கி, பதிவுச் செலவையும் தாங்களே ஏற்றுக்கொண்டபோது பலன் ஏதுமில்லை. நடுத்தரமான ஒரு தொழிலின் அரை மாதம் முதல் ஒரு மாத லாபத்துக்கு ஈடான பணம் கொடுத்தபோது ஐந்தில் ஒருவர் பதிந்தார். இரண்டு மாத லாபத்தைக் கொடுத்தபோது பாதிப் பேர். பதியாமல் விட்டவர்கள் பலருக்குத் தடை நிலத்தின் ஆவணத்தில் இருந்தது. பதிந்தவர்களிலும் ஒரு சிலரைத் தவிர யாருக்கும் வருமானம் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. அதாவது, கதவு திறந்திருந்தும் உள்ளே போவதில் லாபம் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

ரஃபேல் லா போர்ட்டா, ஆந்திரே ஷ்லைஃபர் இருவரும் 2014இல் இன்னும் கடுமையாகச் சொன்னார்கள்: முறைசாராத் தொழில்கள் மிகச் சிறியவை, உற்பத்தித்திறன் குறைந்தவை, அவை வளர்ந்து பெரிய நிறுவனமாவது அரிது, பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் பதிவோடேயே பிறக்கின்றன. இது ஒருவகையில் லூயிஸுக்கே திரும்பிப் போவது. தரவு வலுவானது, ஆனால் ‘உற்பத்தித்திறன்’ என்று அவர்கள் அளந்ததில் ஒரு சிக்கல் இருக்கிறது. விற்ற விலையைத் தொழிலாளர் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது திறன் மட்டுமன்று; விலை பேசும் பலமும் அதற்குள் இருக்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு, ஒரு சட்டைக்குக் காஜா எடுக்க இவ்வளவு என்று மேலிருப்பவர் நிர்ணயிக்கும்போது, கீழே இருப்பவரின் ‘திறன்’ அந்த விலையாலேயே தீர்மானமாகிறது.

## சங்கிலியின் கடைசிக் கண்ணி

இந்த இடத்தில்தான் அமைப்பியல் வாதம் வலுப்பெறுகிறது. 1978இல் கரோலின் மோசரும், 1989இல் அலெஹாந்த்ரோ போர்ட்டெஸ், மானுவல் காஸ்டெல்ஸ், லாரன் பென்டன் ஆகியோரும் முன்வைத்தது இது: முறைசாரா வேலை நவீனப் பொருளாதாரத்துக்கு வெளியே மிஞ்சிநிற்கும் பழையது என்பது பொய், நவீன நிறுவனம் செலவைக் குறைக்கத் தானே அதை உருவாக்குகிறது, தன்னோடு பிணைத்தும் வைத்திருக்கிறது.

திருப்பூரில் இதை விளக்கவே வேண்டாம். ஏற்றுமதி ஆர்டர் வாங்கும் நிறுவனம் ஒன்று. நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம். வெட்டிய துணி பவர் டேபிள் யூனிட்டுக்குப் போகிறது. பிசிறு வெட்டுவதும் மடிப்பதும் இன்னும் சிறிய இடங்களுக்கு. ஆர்டர் குறைந்தால் மேலே இருப்பவர் ஜாப் ஒர்க்கை நிறுத்துகிறார். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அந்த வாரம் கூலி இல்லை. வெளிநாட்டுக் கடையின் விற்பனை ஏற்ற இறக்கம் இப்படித்தான் ஒரு வாடகை அறையின் சமையலில் போய் முடிகிறது. ஆபத்து கைமாறிக் கைமாறிக் கடைசியில் அதைத் தாங்க வழியில்லாதவரிடம் வந்து தங்குகிறது. முறைசாரா உழைப்பின் பங்கு என்ன என்ற கேள்விக்குக் கிடைத்துள்ள பதில்களில் மிக அடிப்படையானது இதுவே என்று தோன்றுகிறது: அது நிறுவனத்தின் ஆபத்தையும் அரசின் பொறுப்பையும் வீட்டின் மேல் இறக்கிவைக்கும் ஏற்பாடு.

ஆனால் அமைப்பியலாளர்கள் விளக்காமல் விட்டதும் திருப்பூரிலேயே இருக்கிறது. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட நூல், அங்குள்ள கம்பெனி முதலாளிகளில் கணிசமானோர் முன்பு தொழிலாளர்களாக இருந்தவர்கள் என்று காட்டியது. கவுண்டர் உழவர் குடும்பங்களிலிருந்து வந்து, மிஷினில் உட்கார்ந்து, பங்கு சேர்ந்து, கம்பெனி வைத்தவர்கள். ஏணி இருந்தது. லா போர்ட்டாவும் ஷ்லைஃபரும் இல்லை என்று சொல்லும் ஏணி அது. போர்ட்டெஸின் படத்திலும் அதற்கு இடமில்லை. ஆனால் கடன் தரவும் ஆர்டர் தரவும் உறவும் சாதியும் கைகொடுத்தவர்களே பெரும்பாலும் அதில் ஏறினார்கள். தலித் தொழிலாளர்களும் பெண்களும் அதே அளவில் ஏறவில்லை. அந்த வேறுபாட்டுக்கு விடை பொருளியலுக்கு வெளியே தேடப்பட வேண்டியிருந்தது.

பீடித் தொழில் வேறொரு பாடம் சொல்கிறது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து சுற்றும் பீடிக்கு இலையும் தூளும் கொடுப்பது ஏஜென்ட். அவருக்கு மேலே கம்பெனி. 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளர் என்றே வரையறுத்தது. இடையில் ஒப்பந்தக்காரர் இருந்தாலும் முதன்மை முதலாளிக்குப் பொறுப்பு உண்டு என்றது. உச்ச நீதிமன்றம் 1974இல் அதை உறுதி செய்தது. வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கும் வைப்புநிதி கொடுக்க முடியும் என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிரூபணமாகிவிட்டது. இலை குறைவாகக் கொடுத்தல், சுற்றிய பீடியைக் கழித்துத் தள்ளுதல், பதிவேட்டில் பெயர் சேர்க்காமல் வேலை வாங்குதல் என்று சட்டத்தைச் சுற்றிப் போகும் வழிகளும் கூடவே முளைத்தன. ஆனாலும் ‘வீட்டு வேலையை ஒழுங்குபடுத்தவே முடியாது’ என்று இன்று சொல்பவர்கள் இந்த வரலாற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

## அரசு இல்லாத இடத்தில் யார் ஆள்கிறார்கள்

முறைசாராப் பொருளாதாரம் ஒழுங்கற்றது என்ற எண்ணத்தை பார்பரா ஹாரிஸ்-ஒயிட் மறுத்தார். 1970களிலிருந்து ஆரணியை ஆராய்ந்த அவர், அங்கே யார் எந்தத் தொழிலில் நுழையலாம், யாருக்குக் கடன் கிடைக்கும், எந்த விலையில் என்பதையெல்லாம் சாதியும் பாலினமும் வணிகர் சங்கங்களும் கறாராக ஒழுங்குபடுத்துகின்றன என்று எழுதினார். அரசின் சட்டம் வராத இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. வேறு சட்டம் ஆள்கிறது. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

தென்குஜராத்தில் கரும்பு வெட்டுபவர்களையும் சூரத்தின் தறித்தொழிலாளர்களையும் பின்தொடர்ந்த பிரெமனின் எழுத்து இதன் கொடிய முனையைக் காட்டுகிறது. மேஸ்திரி கொடுக்கும் முன்பணம் பருவம் முழுவதும் ஆளைக் கட்டிப்போடுகிறது. தமிழ்நாட்டில் செங்கல் சூளைகளும் அரிசி ஆலைகளும், அவற்றில் அட்வான்ஸுக்காகக் குடும்பத்தோடு முடங்கிய இருளர் மக்களும் இதே கதைதான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டித் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அளவுகோலை நேர்மையாகப் பயன்படுத்தினால், சுதந்திரமான உழைப்பு என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதில் எவ்வளவு மிஞ்சும் என்பது கலக்கம் தரும் கேள்வி.

லூயிஸ் முதல் தெ சோட்டோ வரை எல்லா மாதிரிகளிலும் உழைப்பாளி என்பவர் சாதியும் பாலினமும் கடனும் அற்ற ஒரு ஆள். அந்தக் குறையை நிரப்பிய ஹாரிஸ்-ஒயிட், பிரெமன் வகை ஆய்வுகளுக்கும் எல்லை உண்டு: ஆரணியில் கண்டது லாகோஸுக்கோ லிமாவுக்கோ எந்த அளவு பொருந்தும் என்று அவை சொல்வதில்லை.

## விருப்பமா, வேறு வழியின்மையா

மெக்சிகோ தரவுகளை வைத்து வில்லியம் மலோனி, சுயதொழில் செய்பவர்களில் பலர் சம்பள வேலையைத் தாங்களே விட்டு வந்தவர்கள் என்று வாதிட்டார். 2007இல் உலக வங்கியின் லத்தீன் அமெரிக்க அறிக்கை, வெளியேறியவர்களும் வெளியேற்றப்பட்டவர்களும் கலந்தே இருக்கிறார்கள் என்று இதை மிதப்படுத்தியது. சொந்தக் கடை வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு இது பொருந்தலாம். சித்தாளுக்குப் பொருந்தாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் வீட்டோடு இருக்கும் வேலையை எடுத்துக்கொள்ளும் பெண் ‘தேர்ந்தெடுத்தார்’ என்று கணக்கெடுப்பில் பதிவாகும்; அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

## எண்ணுவதில் உள்ள அரசியல்

அர்ஜுன் சென்குப்தா ஆணையம் 2004-05 தரவைக் கொண்டு இந்தியத் தொழிலாளர்களில் 92 சதவீதம் முறைசாராதவர்கள் என்றும், மக்கள்தொகையில் 77 சதவீதத்தினர் நாளொன்றுக்கு 20 ரூபாய்க்கு மேல் செலவழிக்க இயலாதவர்கள் என்றும் 2007இல் எழுதியபோது அது தேசத்தை உலுக்கியது. 2023-24 உழைப்புப்படைக் கணக்கெடுப்பில் சுயதொழில் செய்வோர் 58.4 சதவீதம், தினக்கூலிகள் 19.8 சதவீதம், மாதச் சம்பளக்காரர்கள் 21.7 சதவீதம் மட்டுமே, அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லை.

பதிவுபெறா நிறுவனங்களின் கணக்கு இன்னும் கூர்மையான ஒன்றைச் சொல்கிறது. விவசாயமும் கட்டுமானமும் நீங்கலாக, 2015-16இல் அவற்றில் 11.13 கோடிப் பேர் வேலை செய்தார்கள். 2022-23இல் 10.96 கோடி. 2023-24இல்தான் 12.06 கோடி. இடையில் வந்தவை 2016 நவம்பரின் பணமதிப்பிழப்பு, 2017 ஜூலையின் சரக்கு சேவை வரி, 2020 மார்ச்சின் ஊரடங்கு. ஏழாண்டு காலம் இந்தத் துறை ஒரு அடிகூட முன்னே வைக்கவில்லை; மூன்று அடிகளில் எது எவ்வளவு அடித்தது என்று பிரித்துச் சொல்லத் தேவையான ஆண்டுவாரித் தரவு அந்த இடைவெளியின் பெரும்பகுதியில் எடுக்கப்படவில்லை. கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில் பதிவுபெறாத் தொழில்களின் உற்பத்தியை, பதிவுபெற்ற நிறுவனங்களின் போக்கையும் வைத்து ஊகிக்கும் முறை இருந்ததால், ஒன்று விழுந்து மற்றது எழுந்த ஆண்டுகளில் நாட்டு வருமானக் கணக்கே மங்கலானது என்ற விமர்சனம் வலுவானது.

முறைசாரா உழைப்பைக் கறுப்புப் பணத்தோடு சேர்த்து எண்ணும் வழக்கமும் கைவிடப்பட வேண்டும். வரி ஏய்க்கும் செல்வந்தரையும், வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத பூக்காரரையும் ஒரே ‘நிழல் பொருளாதார’த்தில் போடும் மதிப்பீடுகள் கொள்கையைத் தவறான ஆள்மீது ஏவிவிடுகின்றன. 2016இல் நடந்தது அதுதான்.

## பாதுகாப்பை முதலாளியிடமிருந்து பிரிப்பது

வேலையை மாற்ற முடியாவிட்டால், பாதுகாப்பையாவது கொடுக்க முடியுமா? எலா பட் 1972இல் அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களுக்காகத் தொடங்கிய சேவா அமைப்பைச் சங்கமாகப் பதிய முதலில் அதிகாரிகள் தயங்கினார்கள். முதலாளியே இல்லாதவர்கள் யாரை எதிர்த்துச் சங்கம் வைப்பார்கள் என்பது அவர்கள் கேள்வி. மகாராஷ்டிரத்தின் 1969 மத்தாடிச் சட்டம் சுமைதூக்குபவர்களுக்கு வாரியம் வைத்து, வியாபாரிகளிடமிருந்தே கூலியையும் அதன் மேல் ஒரு தீர்வையையும் வாங்கியது. தமிழ்நாடு 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றியது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம், சங்கங்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1994இல் வந்தது. தொடர்ந்து தையல், சலவை, முடிதிருத்தம், ஆட்டோ ஓட்டுதல், வீட்டுவேலை என்று ஒவ்வொன்றுக்கும் வாரியம்.

ரினா அகர்வாலா 2013இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் மூன்றிலும் கட்டுமான, பீடித் தொழிலாளர்களை ஒப்பிட்டார். முதலாளியிடம் கூலி கேட்பதை விட்டு, வாக்காளராக அரசிடம் நலம் கேட்கும் புதிய வகைச் சங்க அரசியல் எழுந்திருக்கிறது. ஏழைகளின் வாக்குக்குக் கட்சிகள் போட்டி போடும் தமிழ்நாட்டில் அது அதிகம் வென்றது என்பது அவர் கண்ட முடிவு. படிப்புக்கு உதவித்தொகை, மகப்பேற்று உதவி, விபத்து நிவாரணம், ஓய்வூதியம் என்று நலவாரிய அட்டை கொண்டுவந்தவை சிறியவை என்றாலும், ஒரு சித்தாளின் பெயரை அரசு தொழிலாளர் என்று எழுதிவைத்ததே பெரிய மாற்றம்.

இதன் மீது மூன்று விமர்சனங்கள் உள்ளன. முதலாவது இடதுசாரித் தரப்பிலிருந்து: அரசு கொடுக்கத் தொடங்கியதும் முதலாளி தப்பித்துக்கொண்டார், கூலியும் வேலை நேரமும் பேச்சிலிருந்தே மறைந்தன. இரண்டாவது நிதி பற்றியது. 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி கட்டடச் செலவில் குறைந்தது ஒரு சதவீதத் தீர்வை கட்டுமான வாரியங்களுக்கு வந்தது. நாடு முழுவதும் அதில் பெருந்தொகை செலவாகாமல் தேங்கியதை உச்ச நீதிமன்றமே கண்டித்தது. வீட்டுவேலை வாரியத்துக்கோ அப்படியொரு ஊற்றே இல்லை. மூன்றாவது சந்தியாகோ லெவி மெக்சிகோவைப் பற்றி 2008இல் எழுப்பியது: முறைசார்ந்த வேலைக்குச் சந்தா பிடித்தம், முறைசாரா வேலைக்கு இலவச நலம் என்றால், அரசே முறைசாராமைக்கு மானியம் கொடுப்பதாகாதா? தர்க்கம் சரியானது. ஆனால் பின்வந்த அளவீடுகள் பெரும்பாலும் அந்த விளைவு இருந்தாலும் சிறியது என்றே காட்டின. மருத்துவ அட்டை கிடைக்கிறது என்பதற்காக நல்ல வேலையை விடுபவர்கள் சிலரே.

பிரேசில் இந்த வாதங்கள் எல்லாவற்றையும் குழப்புகிறது. 2000களில் அங்கே குறைந்தபட்சக் கூலி உயர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் பதிவுபெற்ற வேலைகளின் பங்கும் உயர்ந்தது. கூலி ஏறினால் முறைசாராமை பெருகும் என்ற பாடநூல் விதி அங்கே பொய்த்தது. வளர்ச்சி, கல்வி, தொழிலாளர் ஆய்வாளர்களின் சோதனை, 2009இல் தொடங்கிய எளிய ஒற்றைத் தவணைப் பதிவு ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் உடன்பாடில்லை. பின்வந்த பொருளாதார வீழ்ச்சியில் அந்த ஏற்றத்தின் ஒரு பகுதி கரைந்தும் போனது.

## விதி எது, விலக்கு எது

மேற்கு நாடுகளின் நிலையான வேலையை இலக்காக வைத்தே இவ்வளவு விவாதமும் நடந்தது. அந்த இலக்கின் வயதையும் பார்க்க வேண்டும். லண்டன் துறைமுகத்தில் 1889இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் ஒவ்வொரு காலையும் வாயிலில் கூடி, கங்காணி யாரைக் கூப்பிடுவார் என்று நின்றவர்கள். தினக்கூலி முறையை ஒழிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் பொருளியலாளர் பெவரிட்ஜ் 1909இல் எழுதினார், துறைமுகத் தொழிலாளர் திட்டம் 1947இல் வந்தது, 1989இல் ஒழிக்கப்பட்டது. பிரெமனும் மார்செல் வான் டெர் லிண்டனும் 2014இல் இப்படிப்பட்ட வரலாற்றைக் கொண்டே, நிலையான வேலை என்பது உலகின் ஒரு மூலையில் சில பத்தாண்டுகள் நிலவிய விலக்கு, மேற்கு இப்போது மற்றவர்களை நோக்கி வருகிறது என்றார்கள். இதில் மிகை உண்டு; ஐரோப்பாவின் பெரும்பான்மை வேலைகள் இன்றும் பாதுகாப்புள்ளவையே. ஆனால் அந்தப் பாதுகாப்பு வளர்ச்சியோடு தானாக வந்துவிடவில்லை, போராட்டமும் சட்டமும் அதைக் கொண்டுவந்தன, போனபோதும் சட்டமே அதை எடுத்துக்கொண்டது என்பது மறுக்க முடியாதது.

செயலி வழி வேலை பழைய விளக்கம் ஒன்றை முற்றிலும் உடைத்துவிட்டது. எழுத்தில் இல்லாததால், அரசின் கண்ணில் படாததால் முறைசாராமை என்று சொல்லிவந்தோம். உணவு கொண்டுபோகும் இளைஞரின் ஒவ்வொரு நிமிடமும் ஒவ்வொரு ரூபாயும் கணினியில் பதிவாகிறது. ஆனால் சட்டத்தில் அவர் தொழிலாளர் இல்லை. நிதி ஆயோக் 2020-21இல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருப்பதாகவும், 2029-30இல் 2.35 கோடி ஆவார்கள் என்றும் மதிப்பிட்டது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021இல் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்றது. இந்தியா வேறு வழியில் போனது: 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அவர்களைத் தொழிலாளர் என்று ஏற்காமலே, நிறுவனங்கள் வருவாயில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குத் தர வேண்டும் என்றது. ராஜஸ்தான் 2023இல் தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு அதே ஆண்டு வாரியம் அறிவித்தது. மத்தாடியின் தீர்வை முறை புதிய உருவில் திரும்பியிருக்கிறது.

## தீராதவை

இதுவரை கிடைத்த ஆதாரங்களிலிருந்து ஓரளவு துணிந்து சொல்லக்கூடியவை சில. வளர்ச்சி முறைசாராமையைக் குறைக்கிறது. ஆனால் மெதுவாக, எல்லா வகை வளர்ச்சியும் ஒரே அளவில் அல்ல. பதிவை எளிதாக்குவது மட்டும் பெரிய மாற்றம் தராது. சங்கிலித் தொடர் உற்பத்தியில் மேலிருப்பவரைப் பொறுப்பாக்கும் சட்டம் சாத்தியம்.

இந்தத் தீர்வை முறை எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரியவில்லை. கட்டடமும் செயலியும் தீர்வை பிடிக்க வாகான இடங்கள். அங்கே பணம் ஒரு புள்ளியைக் கடக்கிறது. வீட்டுவேலைக்கும் தள்ளுவண்டிக்கும் அப்படியொரு புள்ளி இல்லை. அங்கே பொது வரிப்பணமே வழி என்றால், எவ்வளவு, யாரிடமிருந்து என்ற கேள்வியை அரசியல் இன்னும் நேராகச் சந்திக்கவில்லை. கூலி பேசும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் நலவாரியம் நடத்த முடியுமா என்பதற்கும் மத்தாடியைத் தவிரத் தெளிவான முன்மாதிரிகள் குறைவு. முறைசாராத் தொழிலாளர்களின் மின்பதிவு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிப் பேரைக் கடந்துவிட்டது. பெயர் பதிந்தவருக்கு என்ன உரிமை பிறக்கிறது என்பது பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது ஒன்று உண்டு. 2023-24 கணக்கெடுப்பில் வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர்கள். கணவரின் கடையிலும் தறியிலும் நிலத்திலும் உழைக்கும் அவர்களுக்கு முதலாளி இல்லை, கூலி இல்லை, பெரும்பாலான வாரியங்களில் பதிய ஒரு தொழிலின் பெயரும் இல்லை. லூயிஸின் உபரி ஆளாகவோ தெ சோட்டோவின் தொழில்முனைவோராகவோ போர்ட்டெஸின் துணை ஒப்பந்தத் தொழிலாளியாகவோ அவர்களை அடக்க முடியாது. அவர்களுடைய முதுமைக்கும் நோய்க்கும் யார் பொறுப்பு என்று சொல்லும் கோட்பாடு இன்னும் எழுதப்படவில்லை.